கம்பத்தில் மாட்ட வேண்டிய பெட்டி

அப்பு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அதைப் போனிலேயே கேட்டுக்கொள்கிறேன். போனில் பேச முடியாததைப் பேசத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் வாயைத் திறந்ததுமே "சரிம்மா, பாப்பம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்று என்னை மூட்டை கட்டிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் கல்யாணப் பத்திரிகை வந்து இறங்கிவிட்டது. உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மூலையில் மஞ்சள் தடவி, பெயர் எழுதி, ராசிங்காபுரம் ஒரு பக்கம், தேவாரம் ஒரு பக்கம், சிலமலை ஒரு பக்கம் என்று ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். நீ வந்து எல்லார் வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய் வருவதாகச் சொல்லியிருந்தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, "சிலமலைல பாண்டியம்மா அக்கா வீட்டுக்கு மட்டும் நீங்களே போய் வச்சிட்டு வந்துருங்கம்மா" என்றாய். அந்த வெளியூர்க் கம்பெனி வேலைக்குச் சம்மதம் சொல்லப் போவதாகவும், யானை வருவதைச் சொல்கிற அந்தப் பெட்டிச் சோலியை இத்தோடு விட்டுவிடுவதாகவும் அதே மூச்சில் சொன்னாய். ஒரே மூச்சில் சொன்னதால்தான் இரண்டுக்கும் காரணம் ஒன்று என்று எனக்கு விளங்கியது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போ, கல்யாணம் பண்ணு, எந்த ஊரில் வேண்டுமானாலும் இரு. ஆனால் கோயம்புத்தூரில் உன் அறை அலமாரியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாயே, அந்தப் பெட்டியைச் சரிசெய்து, மழை வலுக்கும் முன்னால் நம் காட்டுக் கம்பத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போ. இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்பதாக நினைக்காதே, சொல்கிறேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளையும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், அலுத்துக்கொள்ளாதே. போடிமெட்டுக்கு மேலே நம்முடைய ஏலக்காடு கொஞ்சம்தான். ஆனாலும் காய் பறிக்கிற காலத்தில் உன் அப்பாவின் ஜீப்பு விடியக்காலையில் சிலமலையிலிருந்து பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும், நானும் போடியில் ஏறிக்கொள்வேன். மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் இறங்கிவிடுவோம். ஏலச்செடிக்குள் குனிந்து தூரில் காய் பறிப்பவளுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. செடி ஆளை விட உயரம், அதற்கு மேலே மரம், இடையில் மூடுபனி. யானை பத்தடியில் நின்றாலும் வாசனை வந்தால்தான் உண்டு. நீ காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் எங்களோடு மேலே வந்து, இதையெல்லாம் பார்த்து முகம் வெளுத்துப் போய் இறங்கினாய். அடுத்த முறை வரும்போது கையில் பெட்டியோடு வந்தாய். யானை இறங்கி வருகிற ஓடைப்பக்கம் ஒரு பெட்டி, ஆட்கள் பறிக்கிற இடத்தில் கம்பத்தில் ஒரு பெட்டி. ஓடையில் தரை அதிர்ந்தால் அந்தப் பெட்டி சேதி அனுப்பும், கம்பத்துப் பெட்டி கூவும். நாங்கள் கூடையைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடிவிடுவோம். முதல் வருஷம் அது கூவிய ஒவ்வொரு தடவையும் உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டவர்கள் உண்டு. அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்க, அங்கேயும் ஒன்று மாட்டிக் கொடுத்தாய்.

அதில் உனக்கு இருந்த தலைவலி மின்சாரம்தான். அனுப்புகிற பெட்டி தரை அதிரும்வரை தூங்கலாம், கேட்கிற பெட்டி தூங்கவே முடியாது, எப்போது கூப்பிடுவார்கள் என்று அதற்குத் தெரியாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். காற்றில் வருகிற அலையை அது எண்ணாக மாற்றிக்கொண்டால்தான் அதற்குப் புரியும். எவ்வளவு நுணுக்கமாக அளந்து மாற்றுகிறதோ அவ்வளவு பேட்டரியைத் தின்னும். ஆடி மாதம் மலையில் சூரியனைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், மேலே வைத்த சோலார் தகடு சும்மா நனைந்துகொண்டிருக்கும். அதனால்தான் அலைக்குத் தக்கபடி தன் அளவை மாற்றிக்கொள்கிற மாற்றி ஒன்றை அதற்குள் வைத்தாய். சேதி தெளிவாக வந்தால் மேலோட்டமாக அளந்தால் போதும், இரைச்சலோடு மங்கலாக வந்தால் மட்டும் நுணுக்கமாக அளக்கும். எனக்கு உடனே பிடிபட்டது. பறித்து வந்த காயில் சருகும் மண்ணும் போக ஒரு பெரிய கண் சல்லடை போதும், விற்கக் கொண்டுபோகும்போதுதான் சன்னக் கண் சல்லடையை எடுக்கிறோம். எந்நேரமும் சன்னச் சல்லடையையே ஆட்டிக்கொண்டிருந்தால் கைதான் போகும். நான் இப்படிச் சொன்னதும் சிரித்துவிட்டு, ஆபீசில் இனிமேல் இப்படித்தான் சொல்லப் போகிறேன் என்றாய். சொன்னாயோ என்னவோ தெரியாது.

இந்தச் சிக்கனப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவிடம் பட்டதிலிருந்து வந்தது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று மெட்டு இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஜீப்பை உருட்டிக்கொண்டு வருவார். கொண்டை ஊசி வளைவில் ஒருநாள் பிரேக்கை எவ்வளவு மிதித்தும் வண்டி கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நீதான் "கியர்ல போடுங்கப்பா, கியர்ல போடுங்க" என்று கத்தினாய். போட்டார், வண்டி உறுமிக்கொண்டு நின்றது. இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தது அவர், ஆனால் பயந்தது நான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார், அது வேறு கதை. அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "சிக்கனம் பண்ணுங்கப்பா, ஆனா இறக்கத்துல பண்ணாதீங்க" என்றாய். அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன், தலையை ஆட்டினார். அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் அவர் இறக்கத்தில் நியூட்ரலில் வந்ததில்லை. அப்படிப்பட்ட நீ செய்த பெட்டி, இறக்கத்தில் கைவிடுகிற பெட்டியாக இருக்காது என்றுதான் நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

போன ஆடியில் நடந்ததை நீ எத்தனை முறை மனதுக்குள் ஓட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். மேலே மழைக்காலத்தில் நனையக்கூடாத சாமான் எது இருந்தாலும் எங்கே கொண்டுபோய் வைப்போம்? காய் உலர்த்துகிற ஸ்டோரில்தான். அடுப்புச் சூடும், காற்றைத் தள்ளுகிற மோட்டாரும் இருப்பதால் மலையிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான். தீப்பெட்டி, அரிசி, ஆட்களின் மாற்றுச் சேலை, என் போன், எல்லாமே அங்கேதான் ஆணியில் தொங்கும். அருமையான பொருள் என்றால் ஸ்டோருக்குள் வை என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அந்த வாரம் விடாத மழை. நம் காட்டில் காய் பறிக்கிற பாண்டியம்மா, கிளம்புகிற நேரத்தில் உன் பெட்டியைக் கம்பத்திலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்து, ஸ்டோரில் மோட்டாருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். காலையில் வந்ததும் முதல் வேலையாக எடுத்துப் போய்க் கம்பத்தில் மாட்டுவாள். "தம்பி பெட்டி நனையுது பாருங்கக்கா, மனசு கேக்கல" என்று என்னிடமே சொன்னாள். நல்லது செய்கிறாள் என்றுதான் நானும் இருந்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மத்தியானத்துக்கு முன்னால் யானை இறங்கியது. பெட்டி கூவவில்லை. செடி முறிகிற சத்தம் கேட்டு ஓடிய பாண்டியம்மா சறுக்கி ஓடைக்குள் விழுந்தாள், தொடை எலும்பு முறிந்தது. யானை அவளைத் தாண்டிப் போனது எங்கள் நல்ல காலம். நானும் இன்னொருத்தியும் சேலையில் கட்டித் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்தோம். வழி நெடுக அவள் அழவில்லை. பெட்டி ஏன்க்கா கூவல, பெட்டி ஏன்க்கா கூவல என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நீ வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தாய், நம் ஸ்டோரில் ஒரு ராத்திரி இருந்தாய், மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாய். மோட்டார் கிளப்புகிற மின்சார இரைச்சலில், பெட்டி ராத்திரி பூரா நுணுக்கமாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள், எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, உள்ள பேட்டரியை எல்லாம் அதிலேயே கொட்டியிருக்கிறது. பகலில் வெயில் இல்லை, மீண்டும் ஏறவில்லை. காலையில் கம்பத்தில் மாட்டும்போது அதில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, யானை வருகிற நேரத்தில் இல்லை. இதை எனக்கும் அப்பாவுக்கும் சொன்னாய். பாண்டியம்மாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாய். "நாமளே தூக்கி வச்சதாலதான்னு தெரிஞ்சா அவங்க உடைஞ்சிருவாங்கம்மா" என்றாய். ஆகவே அவளிடம் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொன்னோம். சொன்னவன் நீ, பக்கத்தில் தலையாட்டியவள் நான்.

அதற்கப்புறம் நீ செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பயத்தில் இந்த மாற்றியே வேண்டாம் என்று தூக்கிப் போட்டாய். எந்நேரமும் முழு நுணுக்கத்தோடு கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்து, அதற்கு ஜீப்புப் பேட்டரி மாதிரி ஒரு பேட்டரியையும் வைத்து, கீழே வீட்டுக் கூடத்தில் காட்டினாய். வாராவாரம் சார்ஜ் ஏற்றியதைத் தூக்கிப் போய் மாற்ற வேண்டும் என்றாய். யார் தூக்குவது என்று கேட்டேன். ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து கம்பம் வரை அந்தச் சரிவில், அட்டை கடிக்க, காய் மூட்டையைச் சுமந்து வருகிற பொம்பளைகள்தான் அதையும் சுமக்க வேண்டும். முதல் வாரம் தூக்குவார்கள், இரண்டாவது வாரம் முனகுவார்கள், அப்புறம் அது ஸ்டோர் மூலையில் கிடக்கும். நான் இதைச் சொன்னதும் நீ சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். "அப்ப விட்ருங்கம்மா" என்று பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்சு ஏறிவிட்டாய்.

பொங்கலுக்கு வந்தபோது வாய்தவறி நீயே ஒரு வழி சொன்னாய், மறந்திருக்க மாட்டாய். இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டே சொன்னாய். இரைச்சல் ரொம்ப நேரம் ஓயாமல் இருந்தால் பெட்டி அதோடு மல்லுக்கட்டக் கூடாது, மேலோட்டமான அளவுக்கே திரும்பி வந்து, இங்கே எனக்குக் கேட்கவில்லை, என்னை வேறு இடத்தில் வை என்று ஒரு சிவப்பு விளக்கும் ஒரு தினுசான கூவலும் கொடுத்தால் போதும் என்றாய். பேட்டரி பாதிக்குக் கீழே போனாலும் அப்படியே சொல்லவைக்கலாம் என்றாய். உன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அதைச் செய்ய எவ்வளவு நாளாகும் என்று அப்பா கேட்டார். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கை கழுவ எழுந்துவிட்டாய். அப்பு, நான் உனக்குப் புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கு அதெல்லாம் தெரியவும் தெரியாது. நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். அந்த மாற்றியின் யோசனை சரி. மலைக்கு அது ஒன்றுதான் ஒத்துவரும். முடியாதபோது முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அதற்குத் தெரியவில்லை, அதை மட்டும் கற்றுக் கொடு.

உனக்கும் அதே குறைதான் என்று தோன்றுகிறது. கல்யாணம் பண்ணப் போகிறவன், அதனால் இதையும் கேள். உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். டாக்டர் சொல்லி ஒரு வருஷம் எனக்குத் தெரியாது. நான் கலங்கிப் போய்விடுவேன் என்று மறைத்துவிட்டார். மனுஷன் இளைத்துக்கொண்டே போகிறாரே என்று நான் நாள் தவறாமல் பால் பாயசம் வைத்துக் கொடுத்தேன், அவரும் என் மனம் நோகக் கூடாதென்று சொட்டு விடாமல் குடித்தார். கடைசியில் கால் புண்ணோடு போய் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். என் மேல் வைத்த பிரியத்தில் மறைத்தார், சரி. ஆனால் என் கையாலேயே அவருக்குக் கெடுதல் செய்ய வைத்துவிட்டாரே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் பெண்டாட்டியிடம் எதையும் அவள் நல்லதுக்கென்று மறைக்காதே. தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று நீயே முடிவு கட்டிவிடாதே.

இதையெல்லாம் யோசித்துத்தான் நேற்று சிலமலைக்குப் போனேன். பத்திரிகை கொடுக்கப் போகவில்லை, அது நீ கொடுக்க வேண்டியது, அப்பாவின் அடுக்கில் அப்படியே இருக்கிறது. பாண்டியம்மா வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நடந்து காட்டினாள், லேசாகக் காலைச் சாய்த்து வைக்கிறாள், மற்றபடி தேறிவிட்டாள். காபி குடித்து முடித்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தண்ணீர் இறங்கவில்லை, மோட்டார் பக்கத்தில் மாட்டியதால்தான் பேட்டரி தீர்ந்தது, தம்பிக்கு இது அப்போதே தெரியும் என்று. உன் சொல்லை மீறிவிட்டேன். கோபம் என்றால் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கொட்டையை முறத்தில் விட்டெறிந்தாள். "ஏன்க்கா, ஒரு வருசமாவா இதை வச்சுக்கிட்டு இருந்தீக? நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்றாள்.

"உனக்கு மனசு கஷ்டமாயிரும்னுதான் பாண்டி..."

"கஷ்டந்தான். இப்ப மட்டும் இனிக்குதாக்கும்? ஆனா தெரிஞ்சிருந்தா மத்தவளுககிட்டச் சொல்லிருப்பேன்ல? பக்கத்துத் தோட்டத்துல தம்பி வச்ச பெட்டி இன்னும் இருக்குல்ல, அதை இந்த மழைக்கு எங்க மாட்டிருக்காளுகன்னு போய்ப் பாத்தீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பு, நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் மெட்டுக்கு மேலே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர், நேரே அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். பெட்டி அவர்களுடைய ஸ்டோருக்குள்தான் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதுவும் மோட்டாருக்கு மேலேயே, நனையாமல், பத்திரமாக. இனிமேல் கம்பத்தில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பேட்டரியைக் கீழே கொண்டுவந்து சார்ஜில் போட்டிருக்கிறார். நாளைக் காலை அவரே ஏற்றிக்கொண்டு போகிறார். அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எந்தக் கையால் எழுதுவேன் என்று தெரியவில்லை. அவர்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன், நீயும் அங்கே போன் பண்ணி உன் வாயால் காரணத்தைச் சொல்.

நான் போன் பேசி முடித்ததும் பாண்டியம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு கோபம் தணிந்து, பெட்டியைத் தம்பி சரிபண்ணுதா என்று கேட்டாள். நீ விட்டுவிட்டாய் என்றேன். ஏனாம் என்றாள். அவள் முகத்தில் முழிக்க உனக்குத் துணிச்சல் இல்லை என்று மறைக்காமல் சொன்னேன். முறிந்த காலை நீவிவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"சங்கடம்னா தம்பி வீட்டுக்குள்ள இருந்துக்கும்க்கா. எனக்கு அப்படி முடியுமா? டாக்டர் வேலைக்குப் போலாம்னுட்டாரு. வர்ற திங்கக்கிழமை நான் காட்டுல எறங்குறேன். பெட்டி இருந்தாலும் எறங்குவேன், இல்லாட்டியும் எறங்குவேன்."

அவளைத் தடுக்க என்னால் முடியாது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை. திங்கட்கிழமை ஜீப்பில் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து போகிறேன். அவள் பறிக்கிற வரிசைக்கு அடுத்த வரிசையில் நானும் குனிந்து பறிப்பேன்.

அம்மா